பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? வேலூர்ல இருந்து போட்டுப் பாத்த கணக்கு

வேலூர்ல இருந்துகிட்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுறவங்களுக்கு ஒரு வசதி இருக்கு. சென்னை 140 கிலோமீட்டர், பெங்களூர் 210 சொச்சம், ரெண்டுல எந்தப் பக்கம் வண்டி இருந்தாலும் காலைல கிளம்பிப் போய் பாத்துட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு வந்துடலாம். தெற்குல இந்த மாதிரி வண்டிங்க கைமாறுறது பெரும்பாலும் இந்த ரெண்டு ஊர்லயும் கோயம்புத்தூர்லயும்தான். போன் போட்டா விக்கிறவர் எடுத்த எடுப்புல சொல்றது ஒண்ணே ஒண்ணு, "இன்ஜின் சும்மா வெண்ணெய் மாதிரி சார், ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆவும்". நம்மளும் அதைக் கேட்டுட்டு குஷியாயிடுறோம். ஆனா என்னைக் கேட்டா இந்த வகை வண்டில கடைசியா பாக்க வேண்டியது இன்ஜின்தான். முதல்ல பேப்பர், ரெண்டாவது பாடி, இந்த ரெண்டும் சரியில்லன்னா இன்ஜின் எப்படி இருந்தா நமக்கென்ன.

ஏன் இப்படி சொல்றேன்னா, இன்ஜின் வேலை நம்ம பக்கத்துல முடியுற வேலை. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் நல்ல லேத்து பட்டறைங்க இருக்கு, போரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வ் சீட் போடுறது எல்லாம் காலங்காலமா லாரிக்கும் டிராக்டருக்கும் பண்ணிட்டு வர்ற வேலை. அதுலயும் பிரிட்டிஷ் வண்டியா இருந்தா இன்னொரு கூத்து இருக்கு. எம்ஜி கம்பெனில இருந்து எம்ஜிஏன்னு 1955-ல வந்த டூ சீட்டர், இன்னிக்கும் உலகம் பூரா ஆளுங்க ஆசைப்படுற வண்டி, அதுல முதல்ல வந்த இன்ஜின் பிஎம்சிங்கிற பிரிட்டிஷ் கம்பெனியோட பி சீரிஸ் 1489 சிசி. நம்ம அம்பாசடர்ல வருஷக்கணக்கா ஓடுனதும் அதே பி சீரிஸ் 1489 சிசி குடும்பம்தான், எம்ஜிஏல ரெண்டு எஸ்யு கார்புரேட்டர் இருக்கும், கம்ப்ரஷன் கேம் எல்லாம் கொஞ்சம் வேகத்துக்கு ஏத்த மாதிரி இருக்கும், அவ்ளோதான். 1962-ல இருந்து 1980 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல தயாரான அடுத்த மாடல் எம்ஜிபில அந்த இன்ஜினையே 1798 சிசி ஆக்கி வச்சாங்க. அதுக்காக அம்பாசடர் பிஸ்டனை எடுத்து எம்ஜிபில மாட்டிக்கலாம்னு அர்த்தம் இல்ல, அளவு வேற. ஆனா டாக்சி ஸ்டாண்டு அம்பாசடரை இருவது வருஷம் பிரிச்சு சேத்த மெக்கானிக் ஒருத்தர் எம்ஜிபி பானெட்டைத் திறந்தா முழிக்க மாட்டார், டேப்பட் எங்க, டிஸ்ட்ரிபியூட்டர் எங்க, எஸ்யு டாஷ்பாட்ல எவ்ளோ ஆயில் விடணும்னு அவர் கைக்கே தெரியும்.

டிரையம்ப் ஸ்பிட்பயர்னு இன்னொரு பிரிட்டிஷ் டூ சீட்டர், அதுவும் கிட்டத்தட்ட இதே கதை. அதோட சேஸிஸ் ஹெரால்டு சேஸிஸ்ல இருந்து வந்தது, அந்த ஹெரால்டை 1961-ல இருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டுங்கிற பேர்ல நம்ம மெட்ராஸ்லயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்காரங்க போட்டாங்க. பானெட்டோட மட்கார்டும் சேந்து மொத்தமா முன்பக்கம் கவுந்து திறக்குமே, ஹெரால்டுல பாத்திருப்பீங்க, ஸ்பிட்பயர்லயும் அதேதான். முன் சஸ்பென்ஷன் வேலை தெரிஞ்ச வயசான கை இன்னும் ஒண்ணு ரெண்டு ஆற்காடு, வாலாஜா பக்கம் கிடைக்கும்.

அப்போ இன்ஜின் செலவு ஒரு கணக்குக்குள்ள அடங்கும். அடங்காதது துரு. எம்ஜிபிக்கு தனி சேஸிஸ் கிடையாது, மோனோகாக் பாடி, கதவுக்குக் கீழ ஓடுற சில்லுதான் வண்டியோட முதுகெலும்பு. மேல கூரையும் இல்லாததால மொத்த பலமும் அந்த சில்லுலதான் நிக்குது. ஸ்பிட்பயருக்கு சேஸிஸ் இருந்தாலும் அதுலயும் சில்லு சும்மா அழகுக்கு இல்ல, பாரம் தாங்குற பாகம். இது உள்ள இருந்து அரிக்கும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும், டிங்கர் பட்டறைல தகடு ஒட்டி பட்டி பாத்து கலர் அடிச்சிட்டா போட்டோல கண்டுபிடிக்கவே முடியாது.

கண்டுபிடிக்கிறதுக்கு காசு செலவில்லாத ஒரு வழி இருக்கு. வண்டி தரைல நிக்கும்போது கதவை ரெண்டு மூணு தடவை திறந்து மூடிப் பாருங்க, கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கான்னு விரல் வச்சுப் பாருங்க. அப்புறம் ஜாக்கி வைக்கிற பாயின்ட்ல ஜாக்கி வச்சு அந்தப் பக்கம் ரெண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்புற வரைக்கும் தூக்குங்க. இப்போ அதே கதவைத் திறங்க. சில்லு நல்லா இருந்தா முன்ன எப்படி திறந்துச்சோ அப்படியே திறக்கும். அரிச்சுப் போயிருந்தா கதவு உரசும், சில வண்டில திறக்கவே திறக்காது, திறந்தா மூட முடியாது, ஏன்னா நடுவுல வண்டி மடங்கிடுச்சு. ஜாக்கி வைக்க விக்கிறவர் விடலன்னா டீ குடிச்சிட்டு கிளம்பிடலாம். கூடவே ஒரு சின்ன காந்தத்தைத் துணில சுத்தி எடுத்துட்டுப் போங்க, சில்லு, வீல் ஆர்ச், மட்கார்டு அடிப்பக்கம் எல்லாம் நகத்திக்கிட்டே வாங்க, எங்க பிடிமானம் விடுதோ அங்க தகடு இல்ல, பட்டிதான் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் பாய், யார் பழைய வண்டின்னு போய் நின்னாலும் சொல்றது இதுதான், "இன்ஜின் ஆயிரம் சொல்லும் தம்பி, நீ கீழ படுத்துப் பாரு". கார்பெட்டைத் தூக்கிப் பாக்காம யாரும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இதுல ஊரும் முக்கியம். நம்ம ஊரு வறண்ட ஊரு, பாலாத்துல தண்ணி ஓடுனாலே செய்தி, அதனால இங்கயே இருவது முப்பது வருஷம் நின்ன வண்டில துரு கம்மியா இருக்கும், பதிலுக்கு ரப்பரு, டேஷ்போர்டு, வயரிங் உறை எல்லாம் வெயில்ல வெடிச்சுப் போயிருக்கும். அதெல்லாம் மாத்திக்கலாம். சென்னைல பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் நின்ன வண்டி கடல் காத்துல உள்ளயே ஊறியிருக்கும். அதோட 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்னு ரெண்டு தடவை சென்னைல கணக்கில்லாத வண்டி தண்ணில நின்னுச்சு. அப்படி நின்ன வண்டி அந்த ஊர்லயே விலை போகாதுன்னு உள்நாட்டுப் பக்கம் வந்துடும், வாங்குறது நம்ம மாதிரி ஆளுங்கதான். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சுருண்டு உள்ள இருக்கிற பாகத்துல சேறு கோடு தெரியும், சீட்டு நகர்ற தண்டவாளத்துல துரு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. பெங்களூர் வண்டி இந்த விஷயத்துல எவ்ளவோ பரவால்ல, விலைதான் கொஞ்சம் ஏத்தி சொல்லுவாங்க, கொடுக்கலாம்.

இப்போ பேப்பர். இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நம்ம நாட்டுல பழைய வெளிநாட்டு காரை நெனச்ச மாதிரி இறக்குமதி பண்ண முடியாது, விண்டேஜுக்குன்னு இருக்கிற தனி விலக்கைத் தவிர்த்துட்டா 3 வருஷத்துக்கு மேல பழசான காருக்கு வழி கிடையாது. அதனால இங்க இருக்கிற எம்ஜி, டிரையம்ப் எல்லாம் பெரும்பாலும் அந்தக் காலத்துலயே வந்தது, தூதரகத்துக்காரங்க கொண்டு வந்தது, வெளிநாட்டுல வேலை முடிச்சு திரும்பினவங்க கொண்டு வந்தது. அப்படி வந்த வண்டிக்கு கஸ்டம்ஸ் கட்டின பில் ஆஃப் என்ட்ரி இருக்கணும், இல்லன்னா எந்த வருஷம் எந்த ஆர்டிஓல முதல்ல பதிஞ்சாங்கங்கிற வரலாறாவது நூல் பிடிச்ச மாதிரி வரணும். கார்னெட்னு ஒண்ணு இருக்கு, டூரிஸ்ட்டா வர்றவங்க வரி கட்டாம தற்காலிகமா வண்டி கொண்டு வர்ற ஏற்பாடு, அந்த வண்டியத் திரும்ப வெளிய கொண்டு போயே ஆகணும், இங்க வித்தா சட்டப்படி கடத்தல் சரக்கு. 2025 செப்டம்பர்ல கேரளால கஸ்டம்ஸ்காரங்க பூட்டான் வழியா வந்த சொகுசு வண்டிங்கன்னு சொல்லி பெரிய ரெய்டே பண்ணாங்க, ஆர்சி கைல வச்சிருந்த ஆளுங்க வீட்டுல இருந்தும் வண்டிய எடுத்துட்டுப் போனாங்க. அதனால ஆர்சி இருக்குங்கிறது மட்டும் போதாது, அந்த ஆர்சி எப்படி வந்துச்சுன்னு தெரியணும்.

அடுத்தது, பழைய மூணெழுத்து நம்பர் வண்டி. பாக்க அழகா இருக்கும், அந்த நம்பருக்காகவே வாங்குறவங்க இருக்காங்க. ஆனா கையால எழுதுன ஆர்சி புக்கு மட்டும் இருந்து கம்ப்யூட்டர்ல ஏறலன்னா பேரு மாத்துறதுக்கு முன்ன பேக்லாக் என்ட்ரி போடணும், அதுக்கு எந்த ஆபீஸ்ல பதிஞ்சாங்களோ அங்கதான் அலையணும். நம்ம மாவட்டமே எத்தனை தடவை பிரிஞ்சிருக்கு பாருங்க, 1989-ல வட ஆற்காடு ரெண்டாச்சு, 2019-ல வேலூர் மூணாச்சு, இப்போ வேலூர் டிஎன் 23, ராணிப்பேட்டை டிஎன் 73, வாணியம்பாடி டிஎன் 83. பழைய லெட்ஜர் எந்த அலமாரில இருக்குன்னு தேடுறது ஒரு தனி வேலை. இந்த அலைச்சலை விக்கிறவர் தலைல கட்டுங்க, ஆன்லைன்ல நம்பர் போட்டா விவரம் வரணும், அதுவரைக்கும் பணம் இல்லன்னு சொல்லிடுங்க.

செலவும் சின்னதில்ல. சொந்த உபயோக காருக்கு 15 வருஷம் முடிஞ்சா ஆர்சி புதுப்பிக்கணும், அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா நீட்டிப்பு. 2025 ஆகஸ்ட்ல வந்த புது கட்டணப்படி 20 வருஷம் தாண்டுன சாதாரண காருக்கு 10,000 ரூபாய், அதுவே இறக்குமதி காரா இருந்தா 80,000. இதுக்கு மேல நம்ம மாநிலத்துல பசுமை வரி. அதாவது சும்மா ஷெட்ல நிக்கிறதுக்கே அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நல்ல செகண்ட் ஹேண்டு பைக்கோட விலை.

50 வருஷம் தாண்டுன வண்டின்னா இன்னொரு வழி இருக்கு. 2021-ல மத்திய அரசு கொண்டு வந்த விண்டேஜ் விதிப்படி, அசல் வடிவத்துல பெருசா மாத்தம் பண்ணாம இருக்கிற வண்டிய விண்டேஜ்னு பதியலாம், புதுசா பதிய 20,000, திரும்ப புதுப்பிக்க 5,000, 10 வருஷத்துக்கு செல்லும், புது நம்பர்னா விஏன்னு எழுத்து வரும். ஆனா தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு எடுத்துட்டுப் போகலாம், ஞாயித்துக்கிழமை ஏலகிரி 14 ஊசிமுனை வளைவுல ஒரு ரவுண்டு போகலாம்னு நெனச்சா அது இந்தக் கணக்குல வராது. ஓட்டுறதுக்கு ஆசைப்பட்டு வாங்குறவருக்கு இது பொருந்தாது, வச்சுப் பாக்க ஆசைப்படுறவருக்கு அருமையான திட்டம். நீங்க எந்த ரகம்னு வண்டி தேடுறதுக்கு முன்னயே முடிவு பண்ணிக்கோங்க.

இந்த "அசல் வடிவம்"ங்கிற இடத்துலதான் அம்பாசடர் விஷயம் திருப்பி அடிக்குது. பார்ட்ஸ் கிடைக்காத காலத்துல நிறைய வண்டில ஒரிஜினல் இன்ஜினைத் தூக்கிட்டு அம்பாசடர் இன்ஜினையோ டீசல் இன்ஜினையோ வச்சுட்டாங்க. வண்டி ஓடும், ஆனா இன்ஜின் நம்பரும் ஆர்சில இருக்கிற நம்பரும் வேற வேற. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதியோட மாத்தியிருந்தா ஆர்சில ஏறியிருக்கும், ஏறலன்னா பேரு மாத்தும்போது நிக்கும், இன்சூரன்ஸ் கிளைம் வந்தா அங்கயும் நிக்கும், விண்டேஜ் பதிவும் சிக்கல். அதனால இன்ஜின்ல நான் பாக்கச் சொல்றது சத்தத்தை இல்ல, நம்பரை. கிரீஸைத் துடைச்சிட்டு போன்ல போட்டோ எடுங்க, சேஸிஸ் நம்பர் தகட்டுல ரிவெட்டு புதுசா பளபளன்னு இருக்கான்னும் பாருங்க.

டெல்லி வண்டி பத்தி ஒரு வார்த்தை. 15 வருஷ பெட்ரோல் வண்டி ஓடக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணதுல இருந்து அங்க இருந்து அடிமாட்டு விலைக்கு மெர்சிடிஸ் எஸ்எல்கே, பிஎம்டபிள்யூ எல்லாம் தெற்குப் பக்கம் வருது. அங்க ஆர்டிஓல என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று வாங்கணும், இங்க லைஃப் டாக்ஸ் கட்டணும், கடன் இருந்தா அதை அடைச்சதுக்கான ஃபாரம் 35 வேணும். விளம்பரத்துல போட்டிருக்கிற விலையோட இதெல்லாம் கூட்டிட்டு அப்புறம் சந்தோஷப்படுங்க.

90-க்கு அப்புறம் வந்த இந்த எஸ்எல்கே, போர்ஷே பாக்ஸ்டர் ரகத்தைப் பத்தி எனக்கு பெரிய அபிப்பிராயம் இல்ல, வேலூர்ல வச்சுக்கிறதுக்கு. எஸ்எல்கேவோட இரும்புக் கூரை பட்டனை அழுத்தினா மடிஞ்சு டிக்கிக்குள்ள போகும், பாக்க நாலு பேர் கூடுவாங்க, அது ஓடுறது ஹைட்ராலிக் சிலிண்டர்ல, சீல் போச்சுன்னா ஆயில் ஒழுகும், கூரை பாதில நிக்கும். பழைய பாக்ஸ்டர்ல ஐஎம்எஸ் பேரிங்னு ஒரு சின்ன பேரிங், அது போனா கூடவே மொத்த இன்ஜினும் போகும். இதெல்லாம் நம்ம லேத்து பட்டறைல தீர்ற வியாதி இல்ல, ஸ்கேனர் வேணும், அந்த வண்டி தெரிஞ்ச ஆள் வேணும், ரெண்டுக்கும் சென்னைக்கோ பெங்களூருக்கோ டோ பண்ணிட்டுப் போகணும். வாங்குற விலை எம்ஜிபிய விட கம்மியா இருக்கலாம், அதுக்குக் காரணம் இருக்கு.

உள்ளூர் சரக்குல சான் ஸ்டார்ம்னு கோவால தயாரான ஒரு டூ சீட்டர் உண்டு, பைபர் பாடி, ரெனோவோட 1.2 லிட்டர் இன்ஜின். இறக்குமதி பேப்பர் தொல்லை கிடையாது, பாடி துரு பிடிக்காது, வேகமும் கிடையாது. கண்ணாடி, விளக்கு, ரப்பர் பீடிங் போச்சுன்னா தேடுறதுதான் பாடு. ஸ்போர்ட்ஸ் கார்னே அடம்பிடிக்காம ஓட்டுற சுகம்தான் வேணும்னா 2000 சுமாருக்கு வந்த ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பேலியோ 1.6 மாதிரி வண்டிங்க நியாயமான வழி, ஆனா அது வேற ஆசை, அதைச் சொல்லி உங்க ஆசையைக் கெடுக்க விரும்பல.

பார்ட்ஸ் விஷயத்துல எம்ஜிபிக்காரங்க கொடுத்து வச்சவங்க. இங்கிலாந்துல 1988-ல இருந்து முழு பாடியையே புதுசா அடிச்சு விக்கிறாங்க, சில்லுல இருந்து சின்ன கிளிப் வரைக்கும் கிடைக்கும், கூரியர், கஸ்டம்ஸ் வரின்னு கூட்டினா பில்லு வேற மாதிரி வரும், அதனால சின்ன பார்சலா பத்து தடவை வாங்காம லிஸ்ட் போட்டு ஒரே தடவை வாங்குறவங்கதான் அதிகம். டயர் தலைவலி இல்ல, டிசைர் பேஸ் மாடல்ல வந்த 165/80 ஆர்14 சைஸே எம்ஜிபிக்கும் சேரும், வயர் ஸ்போக் சக்கரம்னா மட்டும் ட்யூப் போடணும். அரக்கோணத்துலயே எம்ஆர்எஃப் டயர் ஃபேக்டரி வச்சிருக்கிற பழைய வேலூர் ஜில்லாக்காரன் டயருக்குக் கவலைப்படலாமா. வண்டில இருக்கிற டயர் புதுசு மாதிரி தெரிஞ்சாலும் பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்க நம்பரைப் படிங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2214-னு இருந்தா 2014-ல 22-வது வாரம் செஞ்சது, பட்டன் தேயலன்னாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சீட்டுக்கு நம்ம ஊரை அடிச்சுக்க ஆள் இல்ல. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டுன்னு சுத்தி தோல் ஊருதான். ஒரு எச்சரிக்கை, ஷூவுக்குப் போற தோலை சீட்டுக்குத் தச்சிட்டா கூரையில்லாத வண்டில நம்ம வெயிலுக்கு சீக்கிரமே சாயம் போய் விறைச்சுக்கும், கார் சீட்டுக்குன்னு பதம் பண்ண தோல்தான்னு கேட்டு வாங்கணும்.

பெட்ரோலும் மாறிப்போச்சு. 2000 பிப்ரவரியோட ஈயம் கலந்த பெட்ரோல் நின்னுச்சு, இந்தப் பழைய பிரிட்டிஷ் வண்டி ஹெட்ல வால்வ் சீட் சாதா இரும்பு, ஈயம் இல்லாம ஓடினா வால்வ் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கும், டேப்பட் இடைவெளி அடிக்கடி குறையுதுன்னா அதான் அறிகுறி. ஹார்டு வால்வ் சீட் போட்டாச்சான்னு கேளுங்க, போடலன்னா நம்ம பட்டறைலயே போட்டுக்கலாம், அந்தக் காசைப் பேரத்துல கழிங்க. இப்போ பங்க்ல வர்றது இ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் சீல் எல்லாம் அதுல ஊறி மெத்துனு ஆயிடும், எத்தனால் ஈரத்தை இழுக்கும்கிறதால மாசக்கணக்குல நின்னா டேங்க் உள்ளயே துரு பிடிக்கும், காத்து-பெட்ரோல் கலவையும் லீன் ஆகி சூடு ஏறும், எஸ்யுல நீடிலை மாத்தி கொஞ்சம் ரிச் பண்ணணும். ஹோஸ் எல்லாம் புதுசா மாத்துற செலவு பெருசில்ல, மாத்தாம விட்டா சூடான எக்ஸாஸ்ட் மேல பெட்ரோல் சொட்டும்.

இன்சூரன்ஸ்ல தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுட்டு விட்டுடாதீங்க. 5 வருஷம் தாண்டுன வண்டிக்கும் உற்பத்தி நின்னுபோன மாடலுக்கும் மதிப்பு எவ்ளோன்னு நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும், வேல்யூவர் ரிப்போர்ட்டும் போட்டோவும் வச்சு அந்தத் தொகையைப் பாலிசிலயே எழுதி வாங்குங்க.

கடைசியா வண்டியப் பாக்கப் போற நேரம். விக்கிறவங்க காலைல ஏழு மணிக்கு வாங்க, இல்ல மார்கழில வாங்கன்னு கூப்பிடுவாங்க, அந்தக் குளிர்ல எந்தப் பழைய இன்ஜினும் நல்லாதான் ஓடும். அந்த வண்டிங்க இங்கிலாந்து குளிருக்குன்னு செஞ்சது, நம்ம ஊர்ல மே மாசம் 40 டிகிரி தாண்டும்போது கிரீன் சர்க்கிள் டிராபிக்ல கால் மணி நேரம் நின்னா ரேடியேட்டரும் பொங்கும், கார்புரேட்டர் கிண்ணத்துல பெட்ரோலும் கொதிக்கும், வண்டி நின்னுட்டா ஆறுற வரைக்கும் ஸ்டார்ட் ஆகாது. அதனால வெயில் காலத்துல மத்தியானம் ரெண்டு மணிக்குப் போங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க, ஏற்கனவே சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்ன ஓட்டி வச்சிருக்காங்க, ஆற விடச் சொல்லுங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி பைபாஸ்ல ஒரு பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் விரட்டிட்டு வந்து, ஆஃப் பண்ணாம இருவது நிமிஷம் ஐடில்ல விட்டு டெம்பரேச்சர் முள்ளையும் ஆயில் பிரஷரையும் பாருங்க, எம்ஜிபில ஓடும்போது 50 பிஎஸ்ஐ பக்கம் இருக்கணும், சூட்டுல ஐடில்ல இறங்கும், ஆனா தரை தட்டக் கூடாது. அதுக்கப்புறம் ஆஃப் பண்ணிட்டு அவர்கூட ஒரு பத்து நிமிஷம் விலை பேசுங்க, பேசி முடிச்சிட்டு திரும்ப செல்ஃப் அடிங்க. அப்போ எடுக்குதான்னு பாத்துட்டு நீங்க சொல்ல வந்த தொகையைச் சொல்லுங்க.